சென்னைக்கு எத்தனை பேர் வருகிறார்கள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னைக்கு முதல் தடவை வரப்போகிறவர்களும், சென்னையைப் பற்றி எழுத உட்கார்ந்த மாணவர்களும் கேட்பது பெரும்பாலும் எண்களைத்தான்: எவ்வளவு பேர் வருகிறார்கள், கடற்கரை எவ்வளவு நீளம், ஊர் எவ்வளவு பழசு. எண்கள் தாராளமாகக் கிடைக்கின்றன. ஆனால் எதை எண்ணி அந்த எண் வந்தது என்று பார்க்காமல் எடுத்துப் போட்டால் ஊரே வேறு மாதிரி தெரியும். அதனால் இங்கே எண்ணோடு அது பிறந்த கதையையும் சேர்த்துச் சொல்லியிருக்கிறேன்.

சென்னைக்கு வருஷத்துக்கு எத்தனை சுற்றுலாப் பயணிகள் வருகிறார்கள்?

யார் எண்ணினார்கள் என்பதைப் பொறுத்துப் பதில் மாறும். செய்திகளில் அதிகம் அடிபடுவது மாநிலக் கணக்கு. மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் புள்ளிவிவரப்படி 2019ஆம் ஆண்டில் தமிழ்நாட்டின் உள்நாட்டு வருகை 49.48 கோடி, வெளிநாட்டு வருகை 68.66 லட்சம். வெளிநாட்டு வருகையில் அந்த ஆண்டு இந்தியாவிலேயே முதலிடம் தமிழ்நாட்டுக்கு. அந்த மாநிலத்தின் தலைவாசல் சென்னை.

விமான நிலையம் வைத்திருக்கும் கணக்கு வேறு, மெட்ரோ வைத்திருக்கும் கணக்கு வேறு, மாமல்லபுரத்து டிக்கெட் கவுன்டர் வைத்திருக்கும் கணக்கு வேறு. சென்னைக்கு வருகிறவர் எல்லாரும் தவறாமல் போகும் மெரினாவுக்கோ கதவும் கிடையாது, டிக்கெட்டும் கிடையாது. ஊரின் மிகப் பெரிய கூட்டம் எந்தப் பதிவேட்டிலும் ஏறாமல் மணலில் நடந்து போய்விடுகிறது. இதை மனதில் வைத்துக்கொண்டு மற்ற எண்களைப் பாருங்கள்.

தமிழ்நாட்டின் மக்கள்தொகையே ஏழரைக் கோடி சொச்சம்தான். 49 கோடி பேர் எங்கிருந்து வந்தார்கள்?

49 கோடி பேர் வரவில்லை; 49 கோடி வருகைகள் பதிவாயின. இந்தக் கணக்கின் அடிப்படை பெரும்பாலும் தங்கும் விடுதிகளின் பதிவேடு. சேலத்திலிருந்து நாலு பேர் கொண்ட குடும்பம் ஒன்று லீவில் கிளம்புகிறது என்று வையுங்கள். மதுரையில் ஒரு ராத்திரி, ராமேசுவரத்தில் ஒரு ராத்திரி, கன்னியாகுமரியில் ஒரு ராத்திரி. வீடு திரும்பும்போது அவர்கள் நாலு பேர்தான். பதிவேடுகளைக் கூட்டினால் 12. தமிழ்நாட்டுக்காரர் தமிழ்நாட்டுக்குள் சுற்றினாலும் உள்நாட்டுப் பயணிதான் என்பதையும் பலர் கவனிப்பதில்லை.

நாடு முழுவதற்கும் இதே கதைதான். 2019இல் இந்தியாவுக்குள் வந்த வெளிநாட்டுப் பயணிகள் 1.09 கோடி. மாநிலங்கள் தனித்தனியாகச் சொன்ன வெளிநாட்டு வருகைகளைக் கூட்டினால் 3.14 கோடி. ஒரே ஆள் டெல்லியில் ஒரு தடவை, ஜெய்ப்பூரில் ஒரு தடவை, சென்னையில் ஒரு தடவை என்று மூன்று மாநிலங்களின் கணக்கில் ஏறுகிறார். இரண்டு எண்ணும் சரிதான். முதலாவது ஆட்களை எல்லையில் எண்ணியது. இரண்டாவது அவர்கள் போய் இறங்கிய இடங்களை எண்ணியது.

மறுபக்கமும் உண்டு. திருநெல்வேலியிலிருந்து வந்து அண்ணா நகரில் அக்கா வீட்டில் பத்து நாள் தங்கிவிட்டுப் போகிறவர் எந்த விடுதிப் பதிவேட்டிலும் இல்லை. சென்னையில் சொந்தக்காரர் ஒருவர்கூட இல்லாத தமிழ்க் குடும்பத்தைப் பார்ப்பது கஷ்டம். அதனால் மாநில எண் ஊதிப் பெருத்துத் தெரிகிற அதே நேரத்தில், சென்னை நகரத்தின் உண்மையான விருந்தாளிக் கூட்டம் கணக்குக்கு வெளியேதான் நிற்கிறது என்பது என் எண்ணம்.

கொரோனாவுக்குப் பிறகு பழைய நிலை திரும்பிவிட்டதா?

மாநிலக் கணக்கைப் பார்த்தால், 2023 வரை முழுசாகத் திரும்பவில்லை. உள்நாட்டு வருகை 2020இல் 14.07 கோடியாகச் சரிந்தது. 2022இல் 21.86 கோடி, 2023இல் 28.6 கோடி. வெளிநாட்டு வருகை விழுந்த விதம்தான் பயமுறுத்தியது: 2019இல் 68.66 லட்சம், 2021இல் 57 ஆயிரத்துச் சொச்சம். 2022இல் 4.07 லட்சம், 2023இல் 11.74 லட்சம். வாடகைக் கார் ஓட்டுகிறவர்கள், மாமல்லபுரத்தில் கல் உளியோடு உட்கார்ந்திருக்கும் சிற்பிகள், வழிகாட்டிகள் என்று இந்த எண்ணை நம்பிப் பிழைக்கும் குடும்பங்களை நினைத்தால் அந்த 57 ஆயிரம் சும்மா கடந்துபோகக்கூடிய எண் இல்லை.

உள்நாட்டு வருகையில் தமிழ்நாடு இன்னமும் முதலிடமா?

இல்லை. 2014 முதல் 2018 வரை முதலிடம். 2019இல் 53.58 கோடியோடு உத்தரப் பிரதேசம் முந்தியது. 2022இலும் அதுதான் முதலிடம், தமிழ்நாடு இரண்டாவது. பழைய கட்டுரைகளில் இன்னும் "முதலிடம்" என்றே இருக்கும். ஆண்டைப் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள்.

மாமல்லபுரம் தாஜ்மகாலை முந்தியது என்கிறார்களே, உண்மையா?

உண்மை, ஒரு குறிப்பிட்ட ஆண்டில், ஒரு குறிப்பிட்ட வகையில். தொல்லியல் துறை டிக்கெட் கொடுக்கும் நினைவுச்சின்னங்களில் 2021-22இல் வெளிநாட்டவர் அதிகம் பார்த்தது மாமல்லபுரம்: 1,44,984 பேர். தாஜ்மகாலுக்கு அந்த ஆண்டு 38,922 வெளிநாட்டவர். உள்நாட்டுப் பயணிகளைச் சேர்த்தால் தாஜ்மகாலை யாரும் நெருங்க முடியாது.

அந்த ஆண்டு ஏன் அப்படி? சுற்றுலா விசா 2020 மார்ச்சில் நின்றது. வழக்கமான விமானங்களில் வருகிறவர்களுக்கு அது மறுபடி கிடைத்தது 2021 நவம்பர் நடுவில்தான். ஆகவே அந்த ஆண்டில் பாதிக்கும் மேலான மாதங்கள் வெளிநாட்டிலிருந்து யாரும் ஊர் சுற்றிப் பார்க்க வரவில்லை. டிக்கெட் வாங்கிய வெளிநாட்டவர்களில் பலர் ஏற்கெனவே இந்தியாவில் வசித்தவர்களாகத்தான் இருக்க வேண்டும். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்காக வந்து சென்னையில் குடியிருக்கும் கொரிய, ஜப்பானியக் குடும்பங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரச் சொச்சத்தில் போய்ச் சேரக்கூடிய இடம் மாமல்லபுரம். இது என் கணிப்பு. 1984இல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமான அந்தக் கடற்கரைக் கோயிலுக்குப் பெருமை சேர்க்க இந்த ஓர் ஆண்டு எண் தேவையே இல்லை. 1,300 ஆண்டுகளாக உப்புக் காற்றைத் தாங்கி நிற்பதே போதும்.

விமான நிலையக் கணக்கு என்ன சொல்கிறது?

மீனம்பாக்கம் விமான நிலையம் 2018-19இல் கையாண்ட பயணிகள் 2.25 கோடி. 2020-21இல் அது 55 லட்சம் அளவுக்கு இறங்கி, 2023-24இல் 2.12 கோடிக்கு ஏறியது. இங்கே ஒரு விஷயம்: ஏறுகிறவரும் பயணி, இறங்குகிறவரும் பயணி. மும்பையிலிருந்து ஒரு கல்யாணத்துக்கு வந்து மறுநாள் திரும்புகிறவர் இந்தக் கணக்கில் இரண்டு தடவை வருவார். "இரண்டு கோடி பேர் சென்னைக்கு வந்தார்கள்" என்று யாராவது எழுதினால் முதலில் பாதியாக்குங்கள். அப்புறம் அதிலிருந்து வேலையாக வெளியூர் போய்த் திரும்பிய சென்னைவாசிகளையும் கழியுங்கள்.

சென்னைக்கு வருகிறவர்கள் எதற்காக வருகிறார்கள்?

கடற்கரை, கோயில் என்று மட்டும் நினைத்தால் பாதிதான் சரி. சென்னைக்கு வருகிறவர்களில் ஒரு பெருங்கூட்டம் மருத்துவத்துக்காக வருவது. ஆயிரம் விளக்குப் பகுதியில் கிரீம்ஸ் ரோட்டையும் அதை ஒட்டிய சந்துகளையும் ஒரு தடவை நடந்து பாருங்கள். லாட்ஜ் வாசலில் வங்காள எழுத்தில் போர்டு. பக்கத்து மெஸ்ஸில் மீன் குழம்பும் சோறும், விலைப் பட்டியலும் வங்காளத்தில். மருந்துக்கடையில் நிற்கும் பையன் நாலு வார்த்தை வங்காளம் பேசிச் சமாளிக்கிறான். எக்ஸ்ரே உறையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வயசான அப்பாவைக் கைத்தாங்கலாக நடத்திப் போகும் மகன்கள், கொல்கத்தாவிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வந்தவர்கள். அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1954இல் தொடங்கியது. சங்கர நேத்ராலயா 1978இல், அப்பல்லோ 1983இல். இப்படி நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகச் சேர்ந்த பெயர்தான் இந்தக் கூட்டத்தைக் கூட்டி வருகிறது.

விடுதியில் தங்கும் வெளிநாட்டவரின் விவரத்தை 24 மணி நேரத்துக்குள் குடியேற்ற அதிகாரிகளுக்கு விடுதிக்காரர் தெரிவிக்க வேண்டும். சி படிவம் என்பார்கள். ஆக, இதய அறுவைக்காக அப்பாவைக் கூட்டிவந்த டாக்காக்காரரும், மார்கழிக் கச்சேரி கேட்க வந்த கனடாக்காரரும் ஒரே வரிசையில் பதிவாகிறார்கள். ஒருவர் ஊரைப் பார்க்க வந்தவர். மற்றவருக்கு ஊரைப் பார்க்க மனசே இருந்திருக்காது.

மெரினாவின் நீளம் 6 கிலோமீட்டரா, 13 கிலோமீட்டரா?

இரண்டும் புழக்கத்தில் இருக்கின்றன. வடக்கே கோட்டைப் பக்கம் தொடங்கி தெற்கே பட்டினப்பாக்கம் வரை அளந்தால் சுமார் 6 கிலோமீட்டர். 12, 13 என்று சொல்கிறவர்கள் அதற்கும் தெற்கே பெசன்ட் நகரையும் தாண்டி மணலை நீட்டிக்கொண்டே போகிறவர்கள். நடுவில் அடையாறு கடலில் கலக்கும் முகத்துவாரம் இருக்கிறது. அதைத் தாண்டி யாரும் மணலில் தொடர்ந்து நடக்க முடியாது. என்னைக் கேட்டால் 6 என்றே எழுதுங்கள்.

நீளத்தைவிட அகலத்தின் கதை சுவாரசியமானது. 1881க்கு முன்னால் கடல் இப்போது இருக்கும் இடத்தைவிட மிகவும் உள்ளே, சாலைக்குப் பக்கத்திலேயே இருந்தது. துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் சுவர்களை நீட்டியதும், தெற்கிலிருந்து வடக்கே நீரோட்டத்தோடு போய்க்கொண்டிருந்த மணல் அந்தச் சுவரில் முட்டி நின்றது. நின்ற மணல் வருஷா வருஷம் சேர்ந்து மெரினா ஆனது. சுவருக்கு வடக்கே மணல் வரத்து நின்று போனதால் ராயபுரம், திருவொற்றியூர்ப் பக்கம் கடல் கரையை அரித்துக்கொண்டே வந்தது. நாம் காலாற நடக்கும் இந்த அகலமான மணலுக்கு வடசென்னை மீனவக் குப்பங்கள் தங்கள் நிலத்தையும் வீட்டையும் விலையாகக் கொடுத்திருக்கின்றன. வழிகாட்டிப் புத்தகங்களில் இதற்கும் ஒரு வரி இருக்க வேண்டும் என்று எப்போதும் தோன்றும்.

கரையோர நடைபாதையைப் போட்டதும் "மெரினா" என்று பெயர் வைத்ததும் 1881 முதல் 1886 வரை கவர்னராக இருந்த கிராண்ட் டஃப்.

மெரினா உலகின் இரண்டாவது நீளமான கடற்கரை என்று பள்ளியில் படித்தோமே?

நானும் அப்படித்தான் படித்தேன். அது சரியில்லை. பிரேசிலின் காசினோ கடற்கரை 200 கிலோமீட்டருக்கு மேல். வங்கதேசத்துக் காக்ஸ் பஜார் சுமார் 120 கிலோமீட்டர். ஒரு பெருநகரத்தின் நடுவில், யாரும் எப்போதும் காசில்லாமல் வந்து உட்காரக்கூடிய மணல் இவ்வளவு பரப்பில் கிடைப்பதுதான் அபூர்வம். அதைச் சொல்லிப் பெருமைப்படலாம்.

மெரினாவுக்கு எத்தனை பேர் வருகிறார்கள்?

வாசல் இல்லாத இடத்தில் சொல்லப்படும் எண் எல்லாம் கண்ணால் பார்த்த மதிப்பீடுதான். அண்ணாவின் இறுதி ஊர்வலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1969 பிப்ரவரியில் ஒன்றரைக் கோடி பேர் திரண்டதாகக் கின்னஸ் புத்தகம் பதிந்தது. 1971 கணக்கெடுப்பில் மாநிலத்தின் மொத்த மக்கள்தொகை 4.12 கோடி, சென்னையில் 24.7 லட்சம். மாநிலத்தில் மூன்றில் ஒருவருக்கு மேல் ஒரே ஊருக்கு வந்திருந்தால்தான் அந்த எண் சரியாகும். எண் எப்படி இருந்தாலும் துக்கம் நிஜம். அன்று ரயில் கூரைமேல் ஏறி வந்தவர்களைப் பற்றி இன்றும் வீடுகளில் பேசுகிறார்கள்.

கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டுமென்றால் தை மூன்றாம் நாள், காணும் பொங்கலன்று மாலை வாருங்கள். லட்சக்கணக்கில் கூட்டம். உழைப்பாளர் சிலையிலிருந்து கலங்கரை விளக்கம் வரை மணலே தெரியாது. தூக்குச்சட்டியில் புளியோதரை, பாயை விரித்து உட்கார்ந்த பாட்டி, ராட்டினத்துக்கு அடம்பிடிக்கும் பேரன். நுழையும் இடத்தில் போலீஸ்காரர்கள் ஒவ்வொரு குழந்தையின் மணிக்கட்டிலும் பெயரும் பெற்றோரின் போன் எண்ணும் எழுதிய ஒரு பட்டையைக் கட்டிவிடுகிறார்கள். தொலைந்துபோன பிள்ளை அந்தப் பட்டையாலேயே அரை மணியில் அம்மா இடுப்புக்குத் திரும்பிவிடுகிறது. மெரினாவில் ஆளை நம்பி எண்ணக்கூடிய ஒரே கணக்கு அந்தப் பட்டைதான்.

2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக நாள்கணக்கில் உட்கார்ந்த கூட்டமும் இதே மணலில்தான்.

கடலில் குளிக்கலாமா?

மெரினாவில் வேண்டாம். கரையிலிருந்து சில அடியிலேயே ஆழம், உள்ளே இழுக்கும் நீரோட்டம் வேறு. வருஷந்தோறும் உயிர்கள் போகின்றன. பெரும்பாலும் வெளியூரிலிருந்து நண்பர்களோடு வந்த பிள்ளைகள். பெசன்ட் நகர்க் கடற்கரையில் நிற்கும் வெள்ளை வளைவு மண்டபம் படம் எடுப்பதற்காகக் கட்டியது இல்லை. 1930இல் கடலில் மூழ்கியவரைக் காப்பாற்றப் போய் உயிரை விட்ட ஷ்மிட் என்ற டென்மார்க்காரரின் நினைவு மண்டபம் அது. சுத்தமான, கவனிப்பு உள்ள கடற்கரை வேண்டுமென்றால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோவளம் போங்கள். 2021இல் அதற்கு, கடற்கரையின் சுத்தத்துக்கும் பாதுகாப்புக்கும் தரப்படும் நீலக்கொடிச் சான்று கிடைத்தது.

சக்கர நாற்காலியில் வருகிறவர்கள் கடல்வரை போக முடியுமா?

முடியும். மெரினாவில் மணல்மேல் நிரந்தர மரப்பாதை 2022 நவம்பரில் திறக்கப்பட்டது. அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் சேதமாகி, பிறகு சரிசெய்யப்பட்டது. சென்னையிலேயே பிறந்து வளர்ந்தும் அலையில் கால் நனைக்காதவர்கள் அந்தப் பாதையில் முதல் தடவையாகக் கடலைத் தொட்டார்கள். திறந்த நாள்களில் வந்த படங்களைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

சென்னையின் வயது என்ன?

ஆகஸ்ட் 22ஐச் சென்னை தினமாகக் கொண்டாடுகிறோம். 1639இல் அந்த நாளில் கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரான்சிஸ் டே, இந்தப் பகுதியை ஆண்ட தாமர்ல வேங்கடாத்ரி நாயக்கரிடமிருந்து கோட்டை கட்ட இடம் பெற்றார் என்பது கணக்கு. 1688இல் மாநகராட்சி அமைந்தது; இந்தியாவிலேயே பழையது அதுதான்.

ஆனால் அது கோட்டையின் வயது. திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோயில் பல்லவர் காலத்தது. மயிலாப்பூர் அதற்கும் பழைய துறைமுக ஊர். விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பல்லாவரத்தில், 1863 மே 30 அன்று ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர் பழைய கற்காலக் கைக்கோடரி ஒன்றைக் கண்டெடுத்தார். இந்தியாவின் கற்கால ஆராய்ச்சி தொடங்கியது அந்தக் கல்லில்தான். ஆகவே "380 சொச்சம் ஆண்டு" என்பது பத்திரத்தில் இருக்கும் வயது. மண்ணின் வயது அதில் அடங்காது.

மெட்ராஸ் எப்போது சென்னை ஆனது?

1996இல். உயர் நீதிமன்றமும் பல்கலைக்கழகமும் ஆங்கிலத்தில் இன்னும் பழைய பெயரையே வைத்திருக்கின்றன.

பரப்பளவு, மக்கள்தொகை?

2011 கணக்கெடுப்பில் மூன்று எண்கள் உண்டு, மூன்றையும் குழப்பிக்கொள்கிறார்கள். பழைய 174 சதுர கிலோமீட்டர் எல்லைக்குள் 46.46 லட்சம். அதே ஆண்டு மாநகராட்சி 426 சதுர கிலோமீட்டராக, 200 வார்டுகளாக விரிந்தது. புது எல்லைக்குள் சுமார் 67 லட்சம். ஒட்டிய புறநகர்களையும் சேர்த்த மொத்த நகரத்தொகுதி 86 லட்சத்துக்கு மேல்.

எந்த மாதம் வருவது நல்லது?

டிசம்பர் பாதியிலிருந்து பிப்ரவரி முடிய. சந்தேகமே வேண்டாம். மே மாதம் அக்கினி நட்சத்திரத்தில் வருகிறவர்களுக்கு என் அனுதாபம்: 2003 மே 31 அன்று 45 டிகிரி செல்சியஸ் பதிவானது. சாதாரணமாக மதியம் கடல் காற்று உள்ளே புகுந்ததும் ஊர் மூச்சு விடும். காற்று தாமதிக்கும் நாளில்தான் இப்படி ஏறும்.

வருஷத்து மழை சராசரி சுமார் 140 சென்டிமீட்டர், அதில் பெரும்பகுதி அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் வடகிழக்குப் பருவமழையாகக் கொட்டுகிறது. 2015 டிசம்பர் 1 அன்று தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் பெய்தது. அடையாறு கரை தாண்டி வீடுகளின் முதல் மாடிவரை ஏறிய வெள்ளம் அது. 2016இல் வர்தா புயல், 2023இல் மிக்ஜாம். நவம்பர், டிசம்பர் முதல் பாதியில் டிக்கெட் எடுக்கிறவர்கள் வானிலை அறிவிப்பைப் பார்த்துக்கொண்டே இருங்கள், திரும்பும் தேதியில் ஒரு நாள் இடைவெளி விடுங்கள்.

மார்கழி இசை விழாவுக்கு வெளியூர்க்காரர்கள் போகலாமா?

தாராளமாக. 1927இல் சென்னையில் நடந்த காங்கிரஸ் மாநாட்டை ஒட்டிய இசை மாநாட்டிலிருந்து பிறந்த யோசனை, 1928இல் மியூசிக் அகாடமி ஆனது. இன்று டிசம்பர், ஜனவரியில் மயிலாப்பூர், தியாகராய நகர் சபாக்களில் காலையிலிருந்து ராத்திரி வரை கச்சேரி. காலைக் கச்சேரிகள் பலவற்றுக்கு டிக்கெட்டே கிடையாது. வளரும் பிள்ளைகள் பாடுவார்கள், முன்வரிசை காலியாக இருக்கும். சபா கேன்டீனில் இலைச் சாப்பாட்டுக்கு மட்டும் சீக்கிரம் போய் வரிசையில் நில்லுங்கள். 2017இல் யுனெஸ்கோ சென்னையை இசைக்கான படைப்பாக்க நகரங்களில் சேர்த்தது.

ஊருக்குள் எப்படிச் சுற்றுவது?

மெட்ரோ சுலபம். 2015 ஜூன் 29 அன்று கோயம்பேடு – ஆலந்தூர் என்று தொடங்கி, 2021இல் 54 கிலோமீட்டர் ஆனது. விமான நிலையத்திலிருந்து நேராகச் சென்ட்ரல் வரலாம். 2023இல் 9.11 கோடிப் பயணங்கள், 2024இல் 10.52 கோடி. இதுவும் பயணக் கணக்குதான், ஆள் கணக்கு இல்லை. இரண்டாம் கட்ட வேலைக்காகப் பல சாலைகள் தோண்டிக் கிடக்கின்றன. வழக்கத்தைவிட அரை மணி கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

மாநகரப் பேருந்தில் ஊரைப் பார்க்க ஆசைப்பட்டால் பெரம்பூர் – பெசன்ட் நகர் 29சி ஏறி ஜன்னலோரம் உட்காருங்கள். வடசென்னையில் ஏறி, கடலோரத் தென்சென்னையில் இறங்குவீர்கள். சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் 2021 முதல் பெண்களுக்கு இலவசம்.

தென்மாவட்ட அரசுப் பேருந்துகள் இப்போது கோயம்பேடு வருவதில்லை. 2023 டிசம்பர் 30 அன்று திறந்த கிளாம்பாக்கத்தில் இறங்க வேண்டும். ராத்திரி வந்து சேருகிறவர்கள் அங்கிருந்து வீடு போய்ச் சேரும் நேரத்தையும் செலவையும் சேர்த்துத் திட்டமிடுங்கள்.

எது எந்தக் கிழமை விடுமுறை?

எழும்பூர் அருங்காட்சியகமும் கோட்டை அருங்காட்சியகமும் வெள்ளி. வண்டலூர் உயிரியல் பூங்காவும் கிண்டி சிறுவர் பூங்காவும் செவ்வாய். மெரினா கலங்கரை விளக்கம் திங்கள். 1851இல் தொடங்கிய எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு அரை நாள் ஒதுக்குங்கள். வெண்கலச் சிலைக் கூடத்து நடராசர்களையும் அமராவதிச் சிற்பங்களையும் அவசரத்தில் பார்க்க முடியாது. கலங்கரை விளக்கத்துக்கு லிப்ட் உண்டு.

மெரினாவில் சூரியன் மறைவதைப் பார்க்க எத்தனை மணிக்குப் போக வேண்டும்?

கடல் கிழக்கே. சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால், கட்டடங்களுக்கு நடுவில் மறையும்.

காலை ஐந்து மணிக்கு எழும்பூரில் ரயிலை விட்டு இறங்குகிறேன். அறை 12 மணிக்குத்தான். அதுவரை என்ன செய்வது?

பெட்டியை ஸ்டேஷன் பொருள் காப்பறையில் போட்டுவிட்டு ஆட்டோ பிடித்து மெரினா வாருங்கள். ஜூனில் 5.40 வாக்கில், ஜனவரிக் கடைசியில் ஆறரைக்கு மேல் சூரியன் எழும். அதற்குக் கால் மணி முன்னால் மணலில் இருங்கள். கலங்கரை விளக்கத்துக்குத் தெற்கே நொச்சிக்குப்பத்துக் கரையில், ராத்திரி கடலுக்குப் போன ஃபைபர் படகுகள் ஒவ்வொன்றாக வந்து மணலில் ஏறும். வலையை உதறி மீனைக் கழற்றும் கைகளின் வேகத்தைப் பாருங்கள். கவளை, சங்கரா, நண்டு என்று தரையிலேயே பிரித்து வைப்பார்கள், ஏலம் அங்கேயே. படம் எடுக்கும் முன் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

அங்கிருந்து சாந்தோம் பேராலயம் நடக்கும் தூரம். மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலும் அப்படித்தான். ஏழு மணிக்குள் போய்விட்டால் வெயில் ஏறியிருக்காது. தெப்பக்குளத்துப் படிக்கு எதிரே பூக்காரம்மாக்கள் மல்லிகையை அளந்துகொண்டிருப்பார்கள். மாட வீதியில் எந்த ஓட்டலிலும் டிகிரி காபி கிடைக்கும். கோயில் மதியம் பன்னிரண்டரை வாக்கில் நடை சாத்தும். அதற்குள் உங்கள் அறையும் தயாராகிவிடும்.